இவருக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்?

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு, கணினிப் பெட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி கடைக்குள் போனேன். எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் தங்கவேல் இடது கையில் ஊன்றுகோலோடு வந்தார். இருந்தவை மூன்றே படிகள்தான். அவற்றை ஏற அவருக்கு ஆன நேரத்தில் கடைக்காரர் பெட்டியை வாங்கி, ஒயரைச் செருகி, பொத்தானை அழுத்தி, உதட்டைப் பிதுக்கியும் முடித்துவிட்டார்.

மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் சித்தூரின் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடை அது. பெயர் வேண்டாம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றி முடியும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

"டீச்சர், இது போச்சுங்க. இதுக்கு வயசாயிப் போச்சு. இனி என்ன வைத்தியம் பண்ணினாலும் ஆகாது. புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க."

"ஒரு தடவை திறந்து பாருங்களேன்."

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? யாருக்கு வேணும்? பாப்பாதான் படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிருச்சே?"

"இவருக்குத்தான்."

கடைக்காரர் தங்கவேலை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் கடைசிப் படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தார் அவர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என் பக்கம் திரும்பி, அங்கே ஒரு மனிதர் நிற்கவே இல்லை என்பதுபோலச் சொன்னார்:

"இவருக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்? பேசாம ஒரு பெரிய டிவியா வாங்கி மாட்டிக் குடுங்க. படுத்துட்டே பாத்துட்டு இருக்கட்டும்."

தங்கவேல் வாயைத் திறந்தார். "அ..." என்று ஒரு சத்தம் வந்தது. நான் சட்டென்று அவர் கையைப் பிடித்தேன். "சரிங்க, நாங்க யோசிச்சுட்டு வர்றோம்" என்று நானே பதில் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

வீடு வரும்வரை ஆட்டோவில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைக்காரர்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்த்தை போகவில்லை

இந்தத் தொடரில் அவரைப் பற்றி அங்கங்கே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: கால்வாயின் கடைமடையில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயி. பாடசேகர சமிதிக்கு, அதாவது எங்கள் வயல்காரர்கள் கூட்டமைப்புக்கு, பல வருடமாகச் செயலாளர். தண்ணீர் முறை வைத்து விடுவதில் தலைமடைக்காரர்கள் மதகைச் சாத்தாமல் இழுத்தடித்தால், முதலில் எழுந்து பேசும் குரல் அவருடையது. அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை.

ஒரு காலை வேளையில் மதகைத் திறக்கப் போனவர் அங்கேயே வரப்பில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை செயலற்றுப்போனது. வாய் கோணியது. பேச்சு குழைந்து, பிறகு வெறும் சத்தமாக ஆகிவிட்டது.

மருத்துவர் என்னை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். "இவர் மனசில் எல்லா வார்த்தையும் அப்படியே இருக்கிறது. நாக்குதான் சொன்னபடி கேட்கவில்லை. படிப்பார், யோசிப்பார், கோபப்படுவார். எழுத ஒரு வழி மட்டும் செய்து கொடுங்கள்."

மருத்துவருக்குப் புரிந்தது ஊருக்குப் புரியவில்லை. பேச்சு போனால் காதும் போய்விடும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? வருகிறவர்கள் எல்லாரும் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, அடுத்த தோப்புக்குக் கேட்கும்படி கத்தினார்கள். "நல்லாருக்கறீங்ளா?" பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "சாப்பட்றாருங்ளா? தூங்கறாருங்ளா?" பச்சைக் குழந்தையைப் பற்றித் தாயிடம் விசாரிக்கிற தொனியில்.

இடது கையால் எழுதிப் பார்த்தார். அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியவில்லை. கைபேசியில் தட்டச்சு செய்து பார்த்தார். பழக்கமில்லாத இடது கையின் நடுங்கும் விரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்துகளைத் தொட்டது. அப்போதுதான் மகள் படிக்க வாங்கிய கணினி நினைவுக்கு வந்தது. விசைகள் பெரிது, திரை பெரிது. நம்பிக்கையோடு போட்டேன்.

அரிசியைக் கழுவி உலையில் போட்டு, சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். திறந்த பிறகும் ஒரு எழுத்தைத் தட்டினால் அது எங்கேயோ போய்விட்டு வந்துதான் திரையில் விழும். தட்டியது பதியவில்லை என்று நினைத்து அவர் மறுபடி அழுத்துவார். பிறகு எல்லாம் சேர்ந்து வந்து கொட்டும். நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் மவுஸைச் சுவரில் எறிந்தார்.

அதனால்தான் கடைக்குப் போனோம்.

செருப்பைக் கழற்றிவிட்டு

கடைக்காரர் பேசியதைக் கேட்டு நான் ஏன் வாயடைத்துத் திரும்பினேன்? பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடம் நின்று பேசியவள் நான். யோசித்தால் அதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது.

நான் பிறந்தது மலைமேல் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. இலை வாடப்போடும் மாடியிலிருந்து அவர் இறங்கி வந்தால், சட்டையெல்லாம் பச்சைத் தேயிலை வாடை. அந்த எஸ்டேட் ஆபீசுக்கு முதன்முதலாகக் கணினி வந்தபோது, அதற்கென்று தனி அறை ஒதுக்கினார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். அந்தக் குளிரில், வெறுங்காலில், சிமெண்டுத் தரையில்.

அதைத் துடைக்கும் வேலை அப்பாவிடம் வந்தது. துணியால் துடைக்கலாம், எந்தப் பொத்தானிலும் விரல் படக் கூடாது என்று உத்தரவு. ஒரு நாள் துடைக்கும்போது ஏதோ ஒன்று அமுங்கி, திரை வெளிச்சமாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு எழுத்தர் எல்லார் முன்னாலும் அப்பாவைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. "உனக்கெல்லாம் இது என்னன்னு தெரியுமாய்யா?"

அப்பா வீட்டுக்கு வந்து எங்கள் இரண்டு பேரிடமும், என்னிடமும் தங்கை செல்வியிடமும், "அந்தப் பக்கம் போயிராதீங்க தாயி. கெட்டுப்போச்சுன்னா நம்ம தலையில விடியும்" என்றார். நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். எதையும் தெரியாமல் தொடக் கூடாது, தெரிந்தவர்கள் சொன்னால் சரி. செல்வி அன்றைக்கே அந்த ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. ஒரு பொருளைச் சுற்றி அறை கட்டி, திரை போட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, அது ஏதோ அவர்களுக்கு மட்டுமே விளங்குகிற விஷயம் என்று நம்பவைத்துவிட்டார்கள். காலம் மாறி அது ஒவ்வொரு வீட்டு மேசைக்கும் வந்த பிறகும், நாமே அதைச் சுற்றி அந்த அறையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"நீ வாசி, நான் சொல்லுதேன்"

செல்வி இப்போது சின்னக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருக்கிறாள். மறுநாள் மத்தியானம் அவளிடம் போனில் பேசும்போது கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"எக்கா, அவன் சொன்னான்னு நீயும் நம்பிட்டு வந்திட்டியா? இங்க என் மேசையில இருக்கது உன் கம்ப்யூட்டரவிட கெழடு. நான்தான தட்டி ஓட்டிட்டு இருக்கேன்? போய் அதுக்கு முன்னால உக்காரு."

"கெட்டுப்போச்சுன்னா?"

"ஏற்கெனவே கெட்டுப்போச்சுன்னுதான அவன் சொல்லுதான்? பெறவு என்ன பயம்?"

கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப், மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள். ஒரு பட்டியல் வந்தது. அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியைத் திறக்கச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் முழிக்கும்போதே கூடச் சேர்ந்து முழிக்கதெல்லாம் அதுல இருக்கும். ஒண்ணொண்ணா வாசி."

வாசித்தேன். மகள் கல்லூரிக் காலத்தில் போட்ட வீடியோ கூட்டச் செயலி. பாட்டுக் கேட்கும் செயலி. எப்போதோ செத்துப்போன பிரிண்டருக்கான ஒன்று. விளையாட்டு ஒன்று. இப்படிப் பதினான்கு. காலையில் கண் விழிக்கும்போதே பதினான்கு பேர் கட்டிலைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வேலை சொன்னால், எந்த மனிதன் எழுந்திருப்பான்?

"வைரஸ் பாக்கதையும், சவுண்டுக்கு உள்ளதையும் விட்டிரு. மத்ததுல ரைட் கிளிக் பண்ணி, டிசேபிள் குடு. அழியாது, சும்மா தூங்கும். வேணும்னா நீயே எழுப்பிக்கலாம்."

ஒவ்வொன்றாகத் தூங்கவைத்தேன். பதின்மூன்றாவது பெயரை வாசிக்கும்போது என் குரல் நின்றுவிட்டது.

கடைக்காரர் வைத்த காவலாளி

அது அந்தக் கடையின் பெயர்.

போன வருடம் இதே கணினியை அதே கடையில் கொடுத்திருந்தோம். "கொஞ்சம் ஸ்பீடு பண்ணி வெச்சிருக்கறேனுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வேகம் கூட்டுகிறேன் என்று அவர் வைத்த செயலி, நாள் முழுதும் கணினியின் ஒவ்வொரு மூலையையும் தடவிக்கொண்டே இருந்திருக்கிறது. 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, கடையை அணுகவும்' என்று அவ்வப்போது சிவப்பில் வந்து நின்ற பெட்டியும் அதன் வேலைதான். அதைப் பார்த்துப் பயந்துதான் நாங்கள் அவரையே நம்பி மறுபடியும் போனோம்.

அதைத் தூங்கவைக்கவில்லை. செல்வி சொன்ன வழியில் அடியோடு நீக்கினேன்.

பிறகு சேமிப்பிடத்தைப் பார்த்தேன். நிரம்பி வழிந்தது. தற்காலிகக் கோப்புகள் என்று கணினியே பிரித்து வைத்திருந்த குப்பையை ஒரே அழுத்தில் அள்ளிக் கொட்டினேன். குப்பைத் தொட்டிக்குள் போட்டதையும் காலி செய்ய வேண்டும் என்பதே அன்றுதான் தெரியும். திரையில் ஜன்னல்கள் மிதந்து வருவதும் நிழல் விழுவதுமான அலங்காரங்களை நிறுத்தினேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் நிலையில் யாரோ கட்டிப்போட்டிருந்ததை அவிழ்த்துவிட்டேன். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புதிதாக ஒரு ஆணிகூட வாங்கவில்லை. எல்லாமே அந்தப் பெட்டிக்குள் முதல் நாளிலிருந்து இருந்தவை.

அணைத்துப் போட்டேன். உலை வைக்கக் கிளம்பியவள் அடுக்களை வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் கணினி திறந்துகொண்டு நின்றது.

அடுத்த நாளே சித்தூருக்குப் பேருந்து ஏறினேன். கடையில் வேறு வாடிக்கையாளர்களும் நின்றார்கள். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

"என் கம்ப்யூட்டர மெதுவாக்கினதே நீங்க வெச்ச சாமான்தானே?"

"மெதுவாப் பேசுங்க டீச்சர். அது எல்லாருக்கும் போடறதுதானுங்க."

"எல்லாருக்கும் போடறீங்களா? அப்போ எல்லாரும் ஒரு வருஷத்துல புதுசு வாங்க வரணும், அதானே?"

"அய்யோ, அப்படியில்லீங்க. உங்களுக்கெல்லாம் செட்டிங்ஸ் பாக்கத் தெரியாதுன்னுட்டு..."

"தெரியலைன்னா சொல்லிக் குடுக்கறதுதானுங்களே? திறந்துகூடப் பாக்காம செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே! என் வீட்டுக்காரரையும் அப்படித்தானே பாத்தீங்க?"

அவர் மேசைமேல் கிடந்த ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். பின்னால் நின்ற ஒரு பெண், கையில் வைத்திருந்த மடிக்கணினியை மெல்லத் தன் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இடது கைக்கு

வேகம் வந்துவிட்டது. ஆனால் கை?

தங்கவேலுக்குத் தமிழில் ஒரு புள்ளி தவறினாலும் பொறுக்காது. கணினியிலேயே இருந்த தமிழ் விசைப்பலகையை மகள் முன்பே சேர்த்து வைத்திருந்தாள். அதில் 'ண' வர ஷிப்டையும் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒற்றைக் கை, அதிலும் நடுங்கும் கை. 'தண்ணீர்' என்று எழுத முயன்றால் 'தன்னீர்' என்று வரும். முகம் சிவந்துவிடும். போதாக்குறைக்கு, விசையிலிருந்து விரலை எடுக்கத் தாமதமானால் 'ககககக' என்று வரி நிறைந்துவிடும்.

இந்தமுறை செல்வியைக் கூப்பிடவில்லை. நானே அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு அறையாக நுழைந்தேன். ஊனமுற்றோருக்கும் பார்வை குறைந்தவர்களுக்குமான பகுதி என்று ஒன்று இருந்தது. உள்ளே போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஷிப்டை அழுத்திக் கையை எடுத்துவிட்டு, நிதானமாக அடுத்த விசையைத் தொடலாம், அதற்கு ஒரு வசதி. விரல் தங்கிப்போனாலும் ஒரே எழுத்துதான் விழும், அதற்கு ஒன்று. மவுஸ் பொத்தான்களை இடது கைக்கு மாற்ற ஒன்று. அம்புக்குறியை மாங்கொட்டை அளவுக்குப் பெரிதாக்க ஒன்று. எழுத்தைப் பெரிதாக்க ஒன்று. எங்கேயோ யாரோ, கை வராத ஒரு மனிதரை நினைத்து உட்கார்ந்து இதையெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். நமக்கும் அதற்கும் நடுவில் நிற்கிற ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எட்டு மாதம்! எட்டு மாதம் ஒரு மனிதர் எங்கள் வீட்டுக்குள் ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். கருப்புத் திரையில் பெரிய மஞ்சள் எழுத்து. அது அவர் கண்ணுக்கு இதமாக இருந்தது. ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். நான் பின்னால் நின்றேன். என் பெயரை எழுதுவார், அல்லது மகள் பெயரை எழுதுவார் என்று நினைத்தேன். கண் கலங்கத் தயாராகத்தான் நின்றேன்.

அவர் எழுதியது இது:

'கடைக்காரனுக்குப் பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். நீ என் கையை அமுக்கினாய். எல்லாரும் எனக்குப் பதிலாகப் பேசுகிறீர்கள். நீயும்.'

கலங்கக் காத்திருந்த கண் காய்ந்துவிட்டது. ஊரைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், செத்துப்போன அந்த எஸ்டேட் எழுத்தரைக்கூட விடவில்லை. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'சாப்பட்றாருங்ளா' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'சாப்பிடறாருங்க' என்று பதில் சொன்னது யார்? நான்தானே?

"தப்புதானுங்க" என்றேன். அவர் ஒரு விசையைத் தட்டினார். அடுத்த வரிக்குப் போனார். அவருக்கு எழுத நிறைய இருந்தது.

ஒரு ஒப்பு போட்டாப் போதுங்க

ஒரு வாரம் கழிந்திருக்கும். காலை பதினொரு மணி வாக்கில் சமிதித் தலைவர் ஆறுச்சாமி, இன்னும் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். மலையாளத்தில் அடித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தங்கவேலின் காதருகே குனிந்து கத்தினார்.

"மச்சான்! ஒடம்பு எப்படி இருக்குது?"

பிறகு என்னிடம் கடிதத்தை நீட்டினார். "ஒண்ணுமில்லீங்க டீச்சர். செக்ரட்டரி வேலைய விட்டு வெலகறதுக்கு ராஜிக் கடிதமுங்க. பாவம், அவுரால இனிப் பேச முடியாதுங்களே. தண்ணி முறை விசயமெல்லாம் ஆபீசுல போய்ப் பேசறதுக்கு ஆள் வேணும். இதுல ஒரு ஒப்பு போட்டாப் போதுங்க. இல்லீன்னா கைநாட்டு வெச்சாலும் சரீங்க."

கைநாட்டு! ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த மனிதரிடம்.

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்ல எனக்கு நூறு வார்த்தை இருந்தது. கடித்துக்கொண்டேன்.

"என்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? அவரே உக்காந்திருக்காரு. அவருகிட்டக் கேளுங்க."

"அவுருகிட்ட எப்படிங்க...?"

தங்கவேல் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். மூன்று பேரும் பிடிக்க ஓடி வந்தார்கள். கையை ஆட்டி விலக்கிவிட்டு, மேசைக்கு நடந்து போய், கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். திரை வெளிச்சமானது. அவர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் எழுத்து விழுந்தது. பிறகு அடுத்தது. ஆறுச்சாமி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தென்னையிலிருந்து மட்டை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே விசைச் சத்தம் மட்டும்.

'மாப்பிள்ளை, எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. மெதுவாகப் பேசு.'

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஆறுச்சாமி சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தங்கவேல் திரும்பிப் பார்க்காமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

'ராஜி இல்லை. ஆபீசில் வாய் வேண்டாம், மனு வேண்டும். இந்த முறை கடைமடைக்கு நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. எந்த மதகு திறந்து கிடந்தது என்று எனக்குத் தெரியும். மனுவை நான் எழுதுகிறேன். நீ பேசு.'

ஆறுச்சாமி கடிதத்தை மடித்தார். உடனே ஒப்புக்கொண்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "கமிட்டியில கேக்கோணுமுங்க" என்று இழுத்தார். இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, கூட்டத்தில் யார் இவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று கூட வந்தவரிடம் முணுமுணுத்தார். அதுவும் தங்கவேலின் காதில் விழுந்தது.

அவர் இன்னொரு வரி தட்டினார். நாங்கள் நான்கு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு எழுத்தும் விழ விழ ஆறுச்சாமியின் உதடுகள் அதைக் கூடவே வாசித்தன.

'உங்கள் கூட்டங்களில் நான் இருபது வருடம் காத்திருந்திருக்கிறேன்.'

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆறுச்சாமி தன் நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எந்த மதகுங்க மச்சான்?"